எட்டில் ஒன்று

18 ஜனவரி 1987, ஞாயிறு

தம்பி நெல்லையப்பன் கப்பலில் வேலை பார்க்கிறவன். அவன் கொடுத்துவிட்ட கம்ப்யூட்டரை இன்று டிவியோடு இணைத்தோம். பார்த்தால் தடித்த டைப்ரைட்டர் விசைப்பலகை மாதிரி இருக்கிறது. அதற்குள்தான் எல்லாம் இருக்கிறதாம். நினைவு முப்பத்திரண்டு கே.

கூடவே இரண்டு கேசட். ஒன்று விளையாட்டு. இன்னொன்றில் லிஸ்ப் என்று ஒரு மொழி. "சின்னக்கா, பேசிக்ங்கிற மொழிய எல்லாரும் படிக்குதாங்க. இது கணக்கு டீச்சருக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தான். டேப்ரெக்கார்டரில் போட்டால் ஆறு நிமிஷம் கீச்சிடுகிறது. அந்தச் சத்தம் தாங்காமல் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இந்த டைரி கம்ப்யூட்டருக்கு மட்டும். என்ன தட்டினேன், என்ன வந்தது, எங்கே தப்பு என்று எழுத. வீட்டு விஷயம் எழுதுவதாக இல்லை.

24 ஜனவரி, சனி

லிஸ்ப்பில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் பட்டியல். பட்டியலுக்குள் பட்டியல் போகலாம், அதற்குள் இன்னொன்றும் போகலாம். ஓர் அடைப்புக்குறி குறைந்தால் கல்லுப் பிள்ளையார்தான், அசையாது. பென்சிலால் ஜோடி ஜோடியாகக் கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்ட வேண்டும்.

ஒன்றும் இல்லை என்பதற்கு 'நில்' என்று பதில் சொல்கிறது. முதல் தடவை திரையில் பார்த்ததும் யாரோ அதட்டுவது போல் இருந்தது.

பத்தாம் வகுப்பு பி பிரிவு விடைத்தாள் நாற்பத்தாறு பாக்கி.

1 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் ஒரு மணி நேரம் தட்டியது மிக்ஸி போட்டதும் போய்விட்டது. மின்சாரம் ஒரு நொடி தணிந்தால் எல்லாம் அழிகிறது. இனிமேல் சட்னி அரைத்த பிறகுதான் கம்ப்யூட்டர்.

பதினோரு மணிக்குக் கடையநல்லூரிலிருந்து காந்திமதி அக்கா வந்தாள். அவள் மகள் பகவதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, நெல்லையப்பன்தான். தாய்மாமன் முறை. அவன் மே மாதம் லீவில் வரும்போது முடித்துவிடுவதாக அம்மாவும் அக்காவும் பேசி முடித்துவிட்டார்கள்.

"வெளிய எதுக்குட்டி தேடணும்? நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம வீட்டுக்கே போவுது" என்றாள்.

சந்தோஷம் என்று சொன்னேன்.

சாயங்காலம் கிரைண்டரில் மாவு ஆட்டினேன். அரிசியை மட்டும் ஆட்டி முடித்து வழித்த பிறகுதான் பார்த்தேன், உளுந்து ஊறினபடியே ஓரமாக இருக்கிறது.

கம்ப்யூட்டருக்கு ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. குடும்ப மரம்.

8 பிப்ரவரி, ஞாயிறு

இந்த மொழி எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்குப் படிப்படியாக வேலை ஏவ வேண்டாம். ஒன்று என்னவென்று சொன்னால் போதும். ஒருவரின் முன்னோர் யார்? அவருடைய அப்பா, அம்மா. பிறகு அப்பாவின் முன்னோர், அம்மாவின் முன்னோர். அவ்வளவுதான் நிரல். கேள்விக்குள் அதே கேள்வி. யாருக்கு அப்பா அம்மா தெரியவில்லையோ அங்கே போய் நின்றுவிடும்.

ஒவ்வொருவரையும் பெயர், அப்பா, அம்மா என்று மூன்று சொல் பட்டியலாகப் போட்டேன். தாத்தா பிரமநாயகம், ஆச்சி உலகம்மாள். அவர்களுடைய மூத்த மகள் என் அம்மா கோமதியம்மாள். கடைசி மகன் சிவசைலம், அதாவது அவர். நானும் தாய்மாமனைக் கட்டியவள்தான். அக்காவுக்கு மட்டும் அசலில், சொந்தத்துக்கு வெளியே, பார்த்தார்கள். அப்போது அவருக்கு வேலை கிடைத்திருக்கவில்லை.

என் பெயரையும் தட்டினேன். சண்முகவடிவு என்று முழுதாகப் போட இடம் வீணாகும். வடிவு என்று மூன்று எழுத்தோடு நிறுத்தினேன்.

19 பிப்ரவரி, வியாழன்

பகவதியிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்திருக்கிறது. இரண்டு பக்கம். கல்யாணம் என்றால் எல்லாப் பெண்களுக்கும் வருகிற பயம்தான். சாவகாசமாகப் பதில் எழுத வேண்டும்.

1 மார்ச், ஞாயிறு

கல்லூரி நூலகத்திலிருந்து எங்கள் பள்ளி விலங்கியல் டீச்சர் ஒரு மரபியல் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒரே முன்னோரின் ஒரே மரபுக்கூறு வந்து சேர எவ்வளவு வாய்ப்பு என்று அதில் கணக்கு இருக்கிறது. நம் கேள்விக்குள் கேள்வி முறைதான். லிஸ்ப்புக்கு அல்வா.

ஒரு சிக்கல். இதற்குப் பின்னம் தெரியாது, முழு எண் மட்டும்தான். அதனால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒரு பட்டியலில் வைத்து, கூட்டவும் பெருக்கவும் சுருக்கவும் நானே கட்டளை எழுதினேன். ஆறாம் வகுப்புப் பாடத்தை ஒரு பெட்டிக்கு நடத்தினது மாதிரி.

நெல்லையப்பனுக்கும் பகவதிக்கும் பிறக்கும் பிள்ளையைக் கேட்டேன். நினைவு நிரம்பி, வேண்டாததை அழிக்கக் குப்பை கூட்டுகிறேன் என்று இரண்டு தடவை நின்றது. பிறகு ஒன்று, எட்டு என்று வந்தது. எட்டில் ஒன்று. புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

அவர் உச்சி வெயிலில் மின்வாரிய ஆபீசிலிருந்து நடந்தே சாப்பிட வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்ததாம். சைக்கிள் பதினொரு வருஷமாகப் பின்கட்டில் சாத்திக் கிடக்கிறது. கேட்டால் நடை உடம்புக்கு நல்லது என்பார்.

15 மார்ச், ஞாயிறு

தென்காசிக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். மரத்தில் விடுபட்டவர்களை எழுதி வாங்கத்தான் போனேன். வேறு நோக்கம் இல்லை.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஆச்சிக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஐந்து என்றாள். என் தாளில் மூன்றுதான் இருந்தது.

"மத்த ரெண்டு?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா எழுதி வைக்கத்தான்."

அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "ஒங்க மாமாவுக்கு முன்னால ரெண்டு பயலுவ. எனக்கு எட்டு வயசு இருக்கும். என் இடுப்புலதான் கெடப்பானுவ. நல்லாத்தான் இருந்தானுவ, உக்காந்தானுவ. ஒரு வயசு ஆவ முன்னால கழுத்து நிக்காம போச்சு. தம்ளர் விழுந்தாக்கூட ஒடம்பு தூக்கிப் போடும். பெரியவன் மூணு வருசம் இருந்தான். சின்னவன் அதுக்கும் இல்ல."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலவா?"

"ஒண்ணுபோலத்தான். மாந்தம்னாங்க. தோசம்னாங்க."

"இத ஏம்மா எங்கிட்ட அப்பவே சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். ஆலங்குளம் வரை நின்றுகொண்டே வந்தேன். பாத்திரம் விழுகிற சத்தத்துக்குப் பயந்து எங்கள் வீட்டில் மூன்று வருஷம் பிளாஸ்டிக் தட்டிலேயே சாப்பிட்ட காலம் உண்டு. அது வேறு விஷயம்.

29 மார்ச், ஞாயிறு

நிரலை மாற்றினேன். நோய் வர வேண்டுமானால் அப்பாவிடமிருந்து நோயின் விதை ஒன்று, அம்மாவிடமிருந்து ஒரு விதை, இரண்டும் வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தவர் நன்றாக இருப்பார். தான் சுமப்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டு தாய்மாமன்களையும் மரத்தில் சேர்த்துக் கேட்டதற்கு, நெல்லையப்பன் பகவதி பிள்ளைக்கு நாற்பத்தெட்டில் ஒன்று என்று வந்தது.

கணக்கு சரி. ஆனாலும் திருப்தியாக இல்லை. எங்கோ தரவு குறைகிறது.

5 ஏப்ரல், ஞாயிறு

மறுபடியும் நாற்பத்தெட்டு. விடைத்தாள், துணி, ஒட்டடை.

12 ஏப்ரல், ஞாயிறு

காலை பத்து மணிக்கு நான் பெயர்ப் பட்டியலைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பின்னால் நின்றார். இந்த மூன்று மாதத்தில் முதல் தடவை.

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க. நாப்பத்திரண்டு பேர்."

திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். எங்கள் இரண்டு பெயரும் இருக்கிற இடத்தில் நிறுத்தினார்.

"நமக்குக் கீழ ஏன் ஒண்ணும் இல்ல?"

"இடம் பத்தல. முப்பத்திரண்டு கே தான்."

"ஒரு பேருக்கு இடம் இல்லையா வடிவு?"

 அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போடு. குமரேசன்."

தட்டினேன். தப்பு என்றது. அடைப்புக்குறி ஒன்று குறைந்திருந்தது. மறுபடி தட்டினேன். அப்பா சிவசைலம், அம்மா நான். பிறந்தது எழுபத்தைந்து, போனது எழுபத்தொன்பது. பிறந்த வருஷமும் போன வருஷமும் நிரலுக்குத் தேவையில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது விடை மாறியது. நான் சுமப்பவள் என்பது நிச்சயமாகிவிட்டதால் அம்மாவும் சுமந்திருக்க வேண்டும். அதனால் நெல்லையப்பன் பகவதி பிள்ளைக்கு முப்பத்திரண்டில் ஒன்று.

"நம்ம பிள்ளைக்கு என்ன கணக்கு?" என்று கேட்டார்.

"நாலுல ஒண்ணு. எத்தனை பிள்ளை பிறந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் நாலுல ஒண்ணு. உங்ககிட்டேருந்து ஒண்ணு, எங்கிட்டேருந்து ஒண்ணு."

"அது எப்ப முடிவாவுது?"

"கரு உண்டாகும்போதே."

"பிறந்த பிறகு நாம செஞ்ச எதனாலயும் இல்லையா?"

"எதனாலயும் இல்ல."

 பிறகு சொன்னார். குமரேசனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து முருகன்குறிச்சிப் பக்கம் போயிருக்கிறார். ஒரு ஆடு குறுக்கே வந்து இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தலையில் அடி. வீக்கம் வற்றும் வரை அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்துதான் அவனுக்குக் கழுத்து நிற்காமல் போனது.

"நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "ஒம் முகத்தப் பாத்துச் சொல்ல முடியல."

"நீங்க எம் மொகத்தப் பாக்காததுக்குக் காரணம் நான்னு நெனச்சேன்."

அதற்கு மேல் எழுத வரவில்லை. மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. ரசம் மட்டும்தான் வைத்தேன்.

14 ஏப்ரல், செவ்வாய்

வருஷப்பிறப்பு. பாயசம் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

3 மே, ஞாயிறு

அக்காவுக்கு ஒன்றும் எழுதவில்லை. கடிதத்தில் சொல்லுகிற விஷயம் இல்லை. தம்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் வைத்துச் சொல்வேன். அவர் கூட வருவதாகச் சொன்னார். நான் தனியாகவே போகிறேன் என்றேன். பள்ளியில் ஒரு தேற்றத்தை நிரூபிப்பது போல வரிசையாக மூன்று தாளில் எழுதி, இரண்டு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன்.

17 மே, ஞாயிறு

தென்காசியில் அம்மா வீடு. அம்மா, அக்கா, சங்கரபாண்டியன் அத்தான், நேற்று முன்தினம் வந்து இறங்கிய நெல்லையப்பன். பகவதி உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

தாளை விரித்துச் சொன்னேன். இரண்டு தாய்மாமன்கள். குமரேசன். விதை வருகிற வழி. முப்பத்திரண்டில் ஒன்று. சொல்லி முடித்தேன்.

அக்கா முழுவதையும் கேட்டாள். அவள் முட்டாள் இல்லை.

"அப்ப மிச்சம் முப்பத்தொண்ணு நல்லா இருக்கும்லா?"

"இருக்கும்."

"பொறவென்ன? ஒரு கல்யாணத்த நிறுத்த இது போதுமாட்டி?"

"எனக்கு நாலுல மூணு நல்லா இருந்திருக்கணும்க்கா."

 நெல்லையப்பன் தாளை வாங்கி மறுபடி பார்த்தான். "யோசிக்கணும் சின்னக்கா" என்றான். "பத்திரிகை அடிச்சாச்சு, இனிமே என்னத்த யோசிக்க" என்றாள் அம்மா. அத்தான் விசிறியால் விசிறிக்கொண்டே அக்கா முகத்தைப் பார்த்தார். பேச்சு ஒன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. நானும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பகவதி காபி சிந்தத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"எங்கிட்ட யாராவது கேட்டியளா?"

எல்லோரும் திரும்பினோம்.

"மாமா என்னத் தூக்கி வளத்தவங்க. அவங்கள மாமான்னுதான் பாக்க முடியுது. நான் மாட்டேன்னு தை மாசமே அம்மாட்ட சொன்னேன். ஆச்சிட்ட சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. இப்ப ஒரு பெட்டி சொன்னா மட்டும் எல்லாரும் உக்காந்து கேக்கிய." பிறகு என்னைப் பார்த்தாள். "சித்தி, ஒங்களுக்கு லெட்டர் போட்டேனே. பதில்கூட எழுதலியே நீங்க."

மூன்று மாதம். நாற்பத்துமூன்று பேரைப் பட்டியலில் வைத்து, அவர்களுடைய விதைகளையெல்லாம் எண்ணியிருக்கிறேன். அந்த இரண்டு பக்கக் கடிதத்தை ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை. படிப்பு முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று தாளையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"அக்கா, கணக்க விடு. ஒண்ணும் வேண்டாம், முப்பத்தொண்ணும் வேண்டாம். அவ மாட்டேங்கா. அது போதும்."

"நீ யாருட்டி அதச் சொல்ல?"

"நான் சொல்லல. அவ சொல்லுதா. நான் கூட நிக்கேன்."

"ஒம் பிள்ளை போச்சுன்னு எம் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட வந்தியா?"

அம்மா, "ஏட்டி காந்தி!" என்று கத்தினாள். நெல்லையப்பன் எழுந்தான். "பெரியக்கா, போதும். அவளுக்கு இஷ்டமில்லன்னு எனக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். கல்யாணம் வேண்டாம்" என்றான்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பகவதி கீழே உட்கார்ந்து சிந்திய காபியைத் துடைத்தாள். நானும் ஒரு துணி எடுத்துத் துடைத்தேன்.

"பதில் எழுதாதது தப்பு பகவதி" என்றேன்.

"ஆமா சித்தி" என்றாள்.

18 மே, திங்கள்

அக்கா சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. ஆனால் தெரிந்திருக்கிறது. நெல்லையப்பன் போஸ்டாபீசிலிருந்து அவர் ஆபீசுக்கு போன் பண்ணியிருக்கிறான். சாயங்காலம் அவர் மல்லிகைப்பூ வாங்கி வந்து மேசைமேல் வைத்தார்.

7 ஜூன், ஞாயிறு

அம்மா ஒரு போஸ்ட் கார்டு எழுதியிருக்கிறாள். எழுதப் பழக்கமில்லாத எழுத்து, வரி சரிந்து சரிந்து போகிறது. இறந்துபோன தம்பிகளின் பெயர்கள்: பெரியவன் சுடலைமுத்து, சின்னவன் வேலாயுதம். "நீ எளுதி வைக்கியே, அதுல பேரோட போடு" என்று மட்டும். நான் இதுவரை அவர்களை ஒன்று, இரண்டு என்றுதான் வைத்திருந்தேன். மாற்றினேன்.

5 ஜூலை, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு அத்தான் ஒரு டிரங்குப் பெட்டியோடும் பகவதியோடும் வந்து நின்றார்.

"வடிவு, இங்க உள்ள காலேஜ்ல ரெண்டாவது வருசத்துக்கு எடம் கெடச்சிருக்கு. ஒன் வீட்டுல இருந்து போட்டும்."

"அக்கா சம்மதிச்சாளா?"

"பேசல. பெட்டிய அவதான் அடுக்குனா."

அவர் உடனே எழுந்து முன்னறை மேசையைக் காலி பண்ணினார், பகவதி படிக்க. கம்ப்யூட்டர் அடுக்களை அலமாரிக்குப் பக்கத்தில் இடம் மாறியது. பகவதி ஒரு தடவை அதன்முன் உட்கார்ந்து பார்த்தாள். "இந்த அடைப்புக்குறியப் பாத்தாலே தல சுத்துது சித்தி" என்று எழுந்து போய்விட்டாள். அவள் படிப்பது வணிகவியல்.

26 ஜூலை, ஞாயிறு

விலங்கியல் டீச்சர் தன் அக்கா மகளுக்குச் சொந்தத்தில் பேசும் சம்பந்தம் பற்றிக் கேட்டார். மரத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். முதலில் அந்தப் பெண்ணை என்னிடம் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னேன். "பொண்ணு எதுக்கு? சார்ட் போதாதா?" என்றார். போதாது என்றேன்.

15 ஆகஸ்ட், சனி

பள்ளியில் கொடியேற்றிவிட்டு வந்தால் வீட்டு வாசலில் அக்காவின் செருப்பு.

பகவதி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் கடைக்குப் போவதாகச் சொல்லி நழுவினார். அக்கா அடுக்களையில் உட்கார்ந்து என் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி எடுத்தேன். பாதிக் கீரை ஆய்ந்து முடிந்தது.

"அன்னைக்கு நான் சொன்ன சொல்லு" என்று ஆரம்பித்தாள்.

"விடுக்கா."

"விட முடியல. சோறு இறங்க மாட்டேங்கு."

காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவ எந்திரிச்சு 'எங்கிட்ட கேட்டியளா'ன்னா பாத்தியா? அப்ப எனக்குக் கோவம் ஒம் மேல இல்லட்டி. அவ மேல. என் வயித்துல பிறந்தவளுக்கு இந்தத் தைரியம் எங்கேருந்து வந்துச்சுன்னு." கை நின்றது. "எனக்குப் பதினெட்டு வயசு. இவங்க வந்து பாத்த அன்னைக்குக் கொல்லையில போய் நின்னு அழுதேன். எங்கிட்ட யாருமே கேக்கல வடிவு."

எனக்கு அப்போது பதினைந்து வயது. அக்கா கொல்லையில் நின்றதைப் பார்த்தேன். கண்ணில் தூசி என்று சொன்னாள், நம்பினேன். அந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் புதுப்பாவாடை எடுத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

"நானும் கேக்கலக்கா" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பகவதி.

"பருப்பு வெந்திருக்கும், போய்ப் பாரு" என்றாள் அக்கா. நான் அடுப்புப் பக்கம் எழுந்து போனேன். அவள் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, மகள் உள்ளே வருவதற்கு முன் தானே எழுந்து வாசலுக்குப் போனாள்.